1202ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் மூலப் பிளவு: அடையாளம் காணும் நெறி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இடைக்கால நிலநடுக்கங்களின் நாளையும் சேதத்தையும் வரலாற்றேடுகள் தெரிவிக்கின்றன. அவை எந்தப் பிளவில் எழுந்தன என்பதை மண்ணடுக்குகளே காட்டவேண்டும். இவ்விருவகைச் சான்றுகளும் இணைக்கப்படும் முறையை, கி.பி. 1202 மே 20 அன்று லெவன்ட் நிலப்பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. யோர்தான் ஆற்றங்கரைக் கோட்டை, லெபனானின் யம்மூனே பிளவு, சிரியாவின் மிஸ்யாஃப் பிளவு ஆகிய மூன்றிடங்களின் சான்றுகள் ஒப்பிடப்படுகின்றன. ஒரு நிகழ்வை ஒரு பிளவுக்கு உரிமையாக்கும் கூற்றினுள் வெவ்வேறு உறுதிப்பாடுடைய பல கூற்றுகள் அடங்கியுள்ளன என்பதும், அவற்றைப் பிரித்துரைக்காமை இடர் மதிப்பீட்டைப் பாதிக்கும் என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: வரலாற்று நிலநடுக்கவியல், தொல்நிலநடுக்கவியல், சாக்கடல் பிளவு, யம்மூனே, மூலப் பிளவு, இடர் மதிப்பீடு.

முன்னுரை

நிலநடுக்கத்தைக் கருவிகளால் பதிவுசெய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய நிலநடுக்கங்களைப் பற்றிய அறிவு இரு துறைகளிலிருந்து பெறப்படுகிறது. ஒன்று, ஏடுகளையும் கடிதங்களையும் ஆராயும் வரலாற்று நிலநடுக்கவியல். மற்றொன்று, பிளவின் குறுக்கே ஆய்வகழி வெட்டி, அறுபட்ட மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்கும் தொல்நிலநடுக்கவியல். முன்னது நாளையும் வேளையையும் அறியும். நழுவிய பிளவை அறியாது. பின்னது பிளவை நேரில் காணும். ஆனால் அது நழுவிய காலத்தைச் சில பத்தாண்டுகளோ சில நூற்றாண்டுகளோ அகலமுள்ள எல்லைக்குள் மட்டுமே கூறவல்லது. இரண்டையும் பொருத்தி, 'இந்நாளில் இப்பிளவு நழுவியது' என்று உரைப்பதே மூலப் பிளவை அடையாளம் காணுதல் எனப்படுகிறது.

இப்பொருத்தம் வெறும் வரலாற்று ஆர்வத்தின்பாற்பட்டதன்று. புவித்தட்டுகளின் நகர்வு இடையறாது நிகழ்கிறது. பூட்டுண்ட பிளவில் அந்நகர்வு திரிபாகச் சேர்கிறது. ஒரு பிளவு இறுதியாக எப்போது நழுவியது என்பது தெரிந்தால்தான் அதில் இன்று எவ்வளவு நழுவல் தேங்கியுள்ளது எனக் கணக்கிட இயலும். எனவே, எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய நிலநடுக்கம் ஒன்றின் மூலத்தைத் தவறாகக் குறிப்பது, இன்று அப்பிளவருகே வாழ்வோர்க்குரிய இடரைத் தவறாகக் கணிப்பதாக முடியும்.

ஆய்வுக்களம்

சாக்கடல் பிளவு அக்காபா வளைகுடாவிலிருந்து துருக்கியின் தென்பகுதி வரை ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் கிழக்கே உள்ள அரேபியத் தட்டு, மேற்கே உள்ள சினாய்ப் பகுதியை விட விரைவாக வடக்கு நோக்கி நகர்கிறது. ஆகவே, பிளவின் ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை இடப்பக்கம் நகர்ந்ததாகத் தோன்றும். லெபனானில் இப்பிளவு வடகிழக்காக வளைந்து பல கிளைகளாகப் பிரிகிறது. பெக்கா பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் யம்மூனே பிளவும், கிழக்கே எதிர்லெபனான் மலையை ஒட்டி ராஷாயா, செர்காயா பிளவுகளும் அமைந்துள்ளன. தெற்கே யோர்தான் பள்ளத்தாக்கும், வடக்கே சிரியாவின் மிஸ்யாஃப் பிளவும் இத்தொடரின் உறுப்புகளாகும்.

12ஆம் நூற்றாண்டில் இப்பகுதி தொடர்ந்து அதிர்ந்தது. 1138இல் அலெப்போவும், 1157இல் ஹமா, ஷைசர் ஆகிய நகரங்களும் பேரழிவைச் சந்தித்தன. 1170 ஜூன் 29 அன்று வடசிரியாவில் மற்றொரு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. இவற்றின் இறுதியில் அமைவதே 1202ஆம் ஆண்டு நிகழ்வு. நான்கு பெரும் நிலநடுக்கங்கள் 65 ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மண்ணடுக்கின் காலக்கணிப்பு இந்நான்கையும் பிரித்தறியும் அளவுக்குக் கூர்மையானதன்று. பின்வரும் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே எழுகின்றன.

ஏடுகள் தரும் சான்று

1202ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைப் பற்றிய அரபு ஏடுகளும் இலத்தீன் கடிதங்களும் கிடைத்துள்ளன. இப்ன் அல்-அதீர் அதனைப் பதிவுசெய்துள்ளார். அப்போது எகிப்தில் இருந்த அப்துல் லத்தீப் அல்-பக்தாதி, தாம் உணர்ந்த அதிர்வையும், ஹமா, டமாஸ்கஸ் ஆகிய நகரங்களிலிருந்து கடிதவழி வந்த செய்திகளையும் எழுதிவைத்தார். சிலுவைப்போர்ச் சபைத் தலைவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் கடற்கரைக் கோட்டைகளின் சேதத்தைக் கூறுகின்றன. இச்சான்றுகளைத் திரட்டி 1988இல் நிக்கோலஸ் அம்ப்ரசேஸ், சார்லஸ் மெல்வில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

அவ்வாய்வின் முதற்பயன் நிகழ்வைச் சரியாக எண்ணியதாகும். அரபு ஏடுகள் சில இந்நிலநடுக்கத்தை ஹிஜ்ரி 597இன் கீழும், சில 598இன் கீழும் வைத்தன. அதனால் பிற்காலப் பட்டியல்களில் 1201, 1202 என இரு நிலநடுக்கங்கள் இடம்பெற்றன. ஹிஜ்ரி 598 ஷஃபான் 26, அதாவது 1202 மே 20 விடியற்காலை நிகழ்ந்த ஒரே நிகழ்வே இரண்டாகப் பெருகியது என்பது தெளிவாக்கப்பட்டது.

இரண்டாவது பயன் உயிரிழப்பைப் பற்றியது. பதினோரு லட்சம் பேர் இறந்தனர் என்னும் எண் இன்றும் உலகின் கொடிய நிலநடுக்கங்களின் பட்டியல்களில் காணப்படுகிறது. நைல் நதியின் வெள்ளம் பொய்த்ததால் 1200 முதல் 1202 வரை எகிப்தில் நிலவிய பஞ்சத்திலும் நோயிலும் மாண்டோரையும் உட்கொண்ட எண் அது. அதனை அவ்வாறே கொண்டால் நிலநடுக்கத்தின் அளவு மிகைப்படும். மிகைப்பட்ட அளவுக்கு ஈடாக மிக நீண்ட பிளவு தேவைப்படும். ஏட்டுத் திறனாய்வில் நேரும் பிழை இவ்வாறு நிலவியல் முடிவாக உருமாறுகிறது.

நப்லுஸ், ஏக்கர், தைர், டிரிப்போலி, பால்பெக், டமாஸ்கஸ், ஹமா என்று சேதமுற்ற இடங்களின் வரிசை நீள்கிறது. பால்பெக் அருகே லெபனான் மலையில் ரூபார்ப் கீரை பறிக்கச் சென்றோர் பாறைச்சரிவில் மாண்டனர் என்னும் குறிப்பும் உள்ளது. இவற்றைக் கொண்டு மேல் யோர்தான் பள்ளத்தாக்குக்கும் பெக்காவுக்கும் இடைப்பட்ட பகுதியே நிகழ்வின் மையம் எனக் கொள்ளுதல் ஏற்புடையது. எனினும், எழுதுவோர் வாழ்ந்த நகரங்களும் காவலர் தங்கிய கோட்டைகளுமே ஏட்டில் இடம்பெற்றன. மலைச்சிற்றூர்களின் சேதம் பெரிதும் பதியப்படவில்லை. கோட்டைகளைப் புதுப்பிக்க உதவி வேண்டும் நோக்கம் சபைத் தலைவர்களின் கடிதங்களில் கலந்திருக்கவும் கூடும். ஆகவே, சேதப்பரப்பின் வரைபடம் ஓரளவு எழுத்தறிவின் வரைபடமும் ஆகும்.

சேதப்பரப்பின் எல்லை

சேதப்பரப்பைக் கொண்டு பெக்கா பகுதியைச் சுட்டலாம். அப்பகுதியின் எந்தக் கிளைப்பிளவு நழுவியது எனச் சுட்டவியலாது. யம்மூனேயும் செர்காயாவும் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஏறத்தாழ இணையாகச் செல்கின்றன. இரண்டில் எது நழுவினும் பால்பெக்கும் டமாஸ்கஸும் சேதமுறும்.

1759ஆம் ஆண்டின் நிலநடுக்கங்கள் இதற்குத் தக்க சான்றாகின்றன. அவ்வாண்டு அக்டோபர் 30, நவம்பர் 25 ஆகிய நாள்களில் இப்பகுதி இருமுறை அதிர்ந்தது. பெக்காவில் நெடுந்தொலைவு நிலம் வெடித்ததாகக் கூறும் அக்காலக் கடிதம் ஒன்றை முதன்மையாகக் கொண்டு, நவம்பர் நிகழ்வின் மூலம் யம்மூனே பிளவே என அம்ப்ரசேஸும் முவாவியா பராசாங்கியும் 1989இல் கருதினர். நிலவெடிப்பைக் கூறும் எழுத்துச்சான்று கிடைப்பதற்கு அரியது. ஆயினும், வெடிப்பு பெக்காவில் நேர்ந்தது என்பதிலிருந்து அது மேற்கு விளிம்பில்தான் நேர்ந்தது என்பது பெறப்படாது. அக்கடிதம் உறுதிப்படுத்தியது நிலவெடிப்பை. பிளவின் பெயர் ஆய்வாளர் ஊகத்தால் சேர்ந்தது. அவ்வூகம் பின்னர் மாற்றப்பட வேண்டியதாயிற்று.

கோட்டைச் சுவரின் சான்று

ஏட்டுக்கும் பிளவுக்கும் இடையே நேரடிப் பாலமாக அமைவது யோர்தான் ஆற்றின் கடவில் உள்ள வாதும் யாக்கோப் கோட்டையின் இடிபாடு. இன்று அது அத்தெரெட் எனப்படுகிறது. எருசலேம் அரசர் நான்காம் பால்ட்வின் 1178 அக்டோபரில் இதன் கட்டுமானத்தைத் தொடங்கினார். பணி முடிவுறும் முன்பே, 1179 ஆகஸ்ட் 30 அன்று சலாவுதீன் இதனைக் கைப்பற்றி அழித்தார். கோட்டை மீண்டும் எழுப்பப்படவில்லை. அதன் கிழக்கு மேற்கான மதில்கள் வடக்கு தெற்காகச் செல்லும் பிளவின் மேல் நேர்குறுக்காகக் கட்டப்பட்டிருந்தன.

ரோனி எல்லன்பிளம், ஷ்முவேல் மார்கோ முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, இம்மதில்கள் இடப்பக்கமாக 2.1 மீட்டர் பெயர்ந்துள்ளன. கோட்டையினுள் பின்னாளில் எழுந்த ஒட்டோமானியர் கால மசூதியின் பெயர்வு 0.5 மீட்டர் மட்டுமே. எஞ்சிய 1.6 மீட்டர், கோட்டை வீழ்ந்த பின்னும் மசூதி எழுமுன்னும் நேர்ந்திருத்தல் வேண்டும். அது 1202க்கும், 0.5 மீட்டர் 1759 அக்டோபருக்கும் உரியவை என ஆய்வாளர் முடிவுசெய்தனர்.

இச்சான்றின் வலிமை அதன் தொடக்க எல்லையில் உள்ளது. மண்ணின் காலக்கணிப்பு தரவியலாத கூர்மையை ஒரு முற்றுகையின் நாள் தருகிறது. 1138, 1157, 1170 ஆகிய மூன்றும் ஒருங்கே விலக்கப்படுகின்றன. இம்முடிவு நிலநடுக்கப் பட்டியலைச் சார்ந்ததன்று, போர் வரலாற்றைச் சார்ந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு. 1.6 மீட்டரும் ஒரே அதிர்ச்சியில் நேர்ந்ததா என்பதைச் சுவர் மட்டும் சொல்லாது. அவ்வினாவுக்கு, தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள பெத்-சைதா ஆய்வகழிகள் துணைநிற்கின்றன. 2005இல் வெளியான அவ்வாய்வு, புதையுண்ட பழைய ஓடைகள் 2.7 மீட்டரும் அவற்றினும் இளைய ஓடைகள் 0.5 மீட்டரும் பெயர்ந்திருப்பதைக் காட்டிற்று. இடைப்பட்ட 2.2 மீட்டர் 1202க்கு உரியதாகக் கருதப்படுகிறது. கல்லும் மண்ணும் தனித்தனியே ஒரே வரிசையைத் தருவதால், யோர்தான் பகுதியில் 1202இன் நழுவல் பெரிதும் உறுதிப்படுகிறது.

யம்மூனே ஆய்வகழியின் சான்று

கோட்டை காட்டுவது அக்கோட்டை நின்ற இடத்தின் நழுவலையே. லெபனானுள் யம்மூனே பிளவும் அதே விடியலில் நழுவியதா என்பது வேறொரு வினா. மாத்தியூ டாயெரோன் முதலியோர் யம்மூனே ஏரியின் வற்றிய படுகையில் அகழி வெட்டி இவ்வினாவை ஆராய்ந்தனர். 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் கட்டுரைகள், இப்பிளவில் கடந்த 12,000 ஆண்டுகளில் 10 முதல் 13 வரையிலான நிலநடுக்கங்களை இனங்கண்டன. அவற்றின் சராசரி இடைவெளி ஏறத்தாழ 1100 ஆண்டுகள். இறுதி நழுவல் இடைக்காலத்தைச் சேர்ந்தது. அதன்மேல் படிந்த அடுக்குகள் அறுபடவில்லை. அந்நழுவலை 1202க்கு உரியதாகவும், 1759இன் நிகழ்வுகளை ராஷாயா, செர்காயா பிளவுகளுக்கு உரியனவாகவும் அவர்கள் வகுத்தனர்.

இம்முடிவில் இரு கூற்றுகள் பிணைந்துள்ளன. '1759இல் யம்மூனே நழுவவில்லை' என்பது முதற்கூற்று. அறுபடாத அடுக்குகளே அதற்குச் சான்று. எந்த ஏட்டின் துணையும் வேண்டுவதில்லை. 'இறுதி நழுவல் 1202இல் நேர்ந்தது' என்பது இரண்டாவது கூற்று. காலக்கணிப்பின் எல்லை அகன்றிருப்பதால், 1202ஐத் தேர்வதற்கு ஏட்டின் துணை வேண்டும். ஏனைய நிலநடுக்கங்களை வேறு பிளவுகளுக்கு ஒதுக்கவும் வேண்டும். முன்னது விலக்கல், பின்னது எஞ்சியதைக் கொள்ளுதல். முன்னதன் உறுதி பின்னதற்கும் உரியதாக வாசிக்கப்படுவதே இத்துறையில் அடிக்கடி நேரும் நழுவல் எனலாம்.

எச்சமுறையின் வட்டநிலை

எஞ்சியதைக் கொள்ளும் முறை, ஒதுக்கப்பட்டவை சரியாக ஒதுக்கப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். 1170ஆம் ஆண்டு நிகழ்வு மிஸ்யாஃப் பிளவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. முஸ்தபா மெக்ராவி முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வே இதன் அடிப்படை. அல்-ஹரீஃப் என்னுமிடத்தில் பிளவைக் கடக்கும் ரோமானியர் கால நீர்வழி 13.6 மீட்டர் பெயர்ந்துள்ளது. அங்கு அறியப்பட்ட இறுதி நழுவலின் கால எல்லை கி.பி. 990 முதல் 1210 வரை. இவ்வெல்லைக்குள் 1170 அடங்குகிறது, 1157உம் அடங்குகிறது, 1202உம் கூட அடங்குகிறது. 1170ஐத் தேர்வதற்கு, அந்நிகழ்வின் சேதப்பரப்பு பற்றிய ஏட்டாய்வே காரணமாகிறது. 1157இல் அழிந்த ஷைசரும் ஹமாவும் இதே பிளவின் அண்மையில் உள்ளவை என்பதையும் நோக்கவேண்டும்.

செர்காயாவிலும் நிலை வேறன்று. 2003இல் வெளியான ஆய்வகழி முடிவு, அங்கு நேர்ந்த இறுதி நழுவலை 1705, 1759 ஆகிய இரண்டில் ஒன்றுக்கு உரியதென்றே கூறிற்று. 1759ஐ அங்கு வைப்பதற்கு, யம்மூனேயில் அது நிகழவில்லை என்னும் முடிவும் துணைபுரிகிறது.

இவ்வாறு ஒரு பிளவின் ஒதுக்கீடு மற்றொன்றின் ஒதுக்கீட்டைத் தாங்குகிறது. மிஸ்யாஃப் 1170ஐ எடுத்துக்கொண்டதால் யம்மூனேக்கு 1202 எஞ்சுகிறது. யம்மூனே 1202ஐ எடுத்துக்கொண்டதால் மிஸ்யாஃபின் 1170 வலுப்பெறுகிறது. ஏட்டாய்வாளர் அகழி முடிவைச் சான்றாகக் காட்டுகின்றனர். அகழியாய்வாளர் ஏட்டுப் பட்டியலைச் சான்றாகக் காட்டுகின்றனர். இருவரும் தனித்தனியே ஒரே முடிவை எய்தியதாகத் தோன்றினும், இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டியல். தனிச்சான்றுகளின் ஒப்புமைக்கும் ஒரே சான்றின் இருமுறைப் பயன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கு மறைந்துவிடுகிறது. மூல ஆய்வாளர்கள் 'பெரும்பாலும்', 'கருதலாம்' என்னும் சொற்களோடு எழுதியவை, பட்டியல்களில் ஏறும்போது அச்சொற்களை இழக்கின்றன என்பதும் குறிப்பிடத்தக்கது.

இதனால் அவ்வொதுக்கீடுகள் தவறு என்பது பெறப்படாது. யோர்தான் கோட்டையின் சான்று, பால்பெக்கின் சேதம், லெபனான் மலையின் பாறைச்சரிவு ஆகியவை 1202இல் யம்மூனேயும் நழுவியது என்பதற்கு ஆதரவாகவே உள்ளன. இன்று முன்வைக்கப்பட்டுள்ள விளக்கங்களுள் இதுவே சிறந்தது. சிறந்த விளக்கம் என்பதை நிறுவப்பட்ட உண்மை என்பதினின்று பிரித்துக் கூறவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இடர் மதிப்பீட்டில் இவ்வேறுபாட்டின் பயன்

இவ்வேறுபாடு கணக்கில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைக் காணலாம். யம்மூனேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நழுவல் சேர்வதாகக் கொள்வோம். 1759இல் அது நழுவியிருந்தால் இன்று தேங்கியிருப்பது ஏறத்தாழ 1.3 மீட்டர். 1202இல் நழுவியிருந்தால் ஏறத்தாழ 4.1 மீட்டர். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு உள்ளது. பெய்ரூட், டிரிப்போலி, டமாஸ்கஸ் ஆகிய நகரங்கள் இப்பிளவிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன.

இறுதி நழுவல் 1202இல் நேராமல் 1170இல் நேர்ந்திருந்தாலோ, தேக்கம் ஏறத்தாழ 4.3 மீட்டராகும். அக்கணிப்பின் பிழையெல்லைக்குள் இச்சிறு வேறுபாடு மறைந்துவிடும். அதாவது, தேங்கிய நழுவலைக் கணிப்பதற்கு வேண்டியது '1759 அன்று' என்னும் விலக்கலே, அது உறுதியானது. '1202' என்னும் தேர்வு வேறொரு கணிப்புக்கே இன்றியமையாதது. யோர்தான் பகுதியும் யம்மூனேயும் ஒரே நேரத்தில் நழுவினவா என்பதைப் பொறுத்து, இனி நேரக்கூடிய நழுவலின் நீளமும் நிலநடுக்கத்தின் உச்ச அளவும் மாறும். அக்கணிப்பு, உறுதி குறைந்த கூற்றின்மேல் நிற்கிறது.

இவ்வாறு பிரித்துக் காண்பது ஆய்வின் பயனைக் குறைக்காது. ஐயத்துக்கிடமற்ற பகுதி எது என்பதைத் தெளிவாக்கி, அதன்மேல் எழும் எச்சரிக்கைக்கு வலுச்சேர்க்கிறது. 1202 பற்றிய விவாதம் முடியும்வரை காத்திராமலே, யம்மூனே பல நூற்றாண்டுகளாக ஓய்ந்திருக்கும் பிளவு எனக் கட்டட விதிமுறை வகுப்போரிடம் கூறமுடியும். இப்பிளவுத் தொடரின் வடமுனையை அடுத்த கிழக்கு அனத்தோலியப் பிளவில் 2023 பிப்ரவரி 6 அன்று நிகழ்ந்த 7.8 அளவிலான நிலநடுக்கத்தில், அப்பிளவின் பல பகுதிகள் ஒருசேர நழுவின. பகுதிகள் தனித்தனியே நழுவும் என்னும் எடுகோளை ஐயுறுவதற்கு அது போதிய காரணமாகும்.

முடிவுரை

மூலப் பிளவைப் பற்றிய கூற்று ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள் பிரித்துரைக்கப்படுதல் நன்று. நிலநடுக்கப் பட்டியலைச் சாராத கால எல்லையால் பிற நிகழ்வுகள் விலக்கப்பட்டிருப்பது முதல்நிலை; யோர்தான் கோட்டை இதற்குரியது. கால எல்லை ஒரு நிகழ்வோடு பொருந்தி, வேறு சான்றுகளும் துணைநிற்பது இரண்டாம் நிலை; யம்மூனேக்கு 1202ஐ உரிமையாக்குவது இதன்பாற்படும். கால எல்லைக்குள் பல நிகழ்வுகள் அடங்க, அவற்றுள் ஒன்று ஏட்டின் துணையால் தெரிவுசெய்யப்படுவது மூன்றாம் நிலை. மிஸ்யாஃபின் 1170 இதற்கு எடுத்துக்காட்டு. பட்டியல்களில் ஒரே வரியாக இடம்பெறும் இம்மூன்றும் ஒரே தகுதியுடையன அல்ல.

ஆய்வகழியின் கால எல்லையைப் பட்டியலோடு பொருத்துமுன் தனியே வெளியிடுதல், அவ்வெல்லைக்குள் அடங்கும் எல்லா நிகழ்வுகளையும் குறிப்பிடுதல், ஒதுக்கீடு மற்றொரு பிளவின் ஒதுக்கீட்டைச் சார்ந்திருப்பின் அதனை வெளிப்படக் கூறுதல் ஆகிய மூன்றும் கடைப்பிடிக்கப்பட்டால் வட்டநிலை பெரிதும் தவிர்க்கப்படும். வாதும் யாக்கோப் கோட்டை ஓராண்டு கூட நிலைக்கவில்லை. கட்டத் தொடங்கிய திங்களும் வீழ்ந்த நாளும் தெளிவாக அறியப்பட்டதாலேயே, அதன் பிளவுண்ட மதில் இன்று தேர்ந்த சான்றாக நிற்கிறது. அத்தகைய கால எல்லையுடைய சுவர்களையும் நீர்வழிகளையும் பாலங்களையும் பிளவுகளின் மேல் தேடுவதே இத்துறையின் அடுத்த பணியாக அமையத்தக்கது.